வீட்டில் ஒருவருக்கு நோய், நமக்கு வயிற்றுத் தொல்லை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடும்பத்தில் ஒருவருக்குப் பெரிய நோய் என்று தெரிந்ததும், கூட இருந்து பார்த்துக்கொள்பவருக்கு வயிறு கெடுவது சர்வ சாதாரணம். ஆனால் அதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. நோயாளிக்கு முன்னால் நம் நெஞ்செரிச்சல் ஒரு விஷயமா என்று விழுங்கிக்கொள்கிறார்கள். அப்படி விழுங்கிக்கொள்பவர்களுக்கும், அவர்களுக்கு உதவ நினைத்து எப்படி என்று தெரியாமல் நிற்கும் நண்பர்களுக்கும் இந்தப் பக்கம்.

அப்பாவுக்கு நோய் என்று தெரிந்த நாளிலிருந்து என் வயிறும் சரியில்லை. இது உண்மையிலேயே உடம்புப் பிரச்சினையா, வெறும் மனப்பிரமையா?

உடம்புப் பிரச்சினைதான். உணவுக்குழாய் முதல் ஆசனவாய் வரை குடல் சுவருக்குள் கோடிக்கணக்கான நரம்பணுக்கள் கொண்ட ஒரு தனி வலைப்பின்னல் ஓடுகிறது. மூளையிலிருந்து இறங்கி வரும் வேகஸ் நரம்பு அதோடு இணைந்திருக்கிறது. அந்த நரம்பின் இழைகளில் ஏறக்குறைய 80 சதவீதம் வயிற்றிலிருந்து மூளைக்குச் சேதி கொண்டுபோகிறவை. ஆகவே பேச்சு இரண்டு பக்கமும் நடக்கிறது: பயந்தால் வயிறு கலங்கும், வயிறு கலங்கினால் பயம் கூடும்.

பயத்தின்போது மூளை வெளியிடும் சில வேதிப்பொருட்கள் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகின்றன. அதே சமயம் பெருங்குடலை முடுக்கிவிடுகின்றன. மேலே ஒரு வாய் சாப்பிட்டாலே வயிறு கல்லாகக் கனக்கிறது, கீழே அடிக்கடி ஓட வேண்டியிருக்கிறது என்று பலர் குழம்புவது இதனால்தான். இரண்டும் ஒரே காரணத்திலிருந்து வரலாம்.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. 1822-ல் அமெரிக்காவில் துப்பாக்கிக் குண்டு பட்டு வயிற்றில் ஆறாத துளையோடு பிழைத்த அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்பவரின் இரைப்பையை, வில்லியம் போமான்ட் என்ற ராணுவ மருத்துவர் அந்தத் துளை வழியாகவே பல ஆண்டுகள் கவனித்தார். கோபமும் பயமும் வரும்போது இரைப்பையின் உட்சுவர் நிறம் மாறுவதையும், சுரப்பு குறைவதையும் பார்த்து 1833-ல் எழுதி வெளியிட்டார். வயிற்றில் புளியைக் கரைக்கிறது என்று நாம் சொல்வதை அவர் கண்ணாலேயே பார்த்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கவலையால்தான் வருகிறது என்றால் டாக்டரிடம் போக வேண்டியதில்லையே?

இந்த நினைப்புதான் ஆபத்தானது. வீட்டில் ஒருவர் படுத்திருக்கும்போது நமக்கு வருவதையெல்லாம் 'டென்ஷன்' கணக்கில் எழுதிவிடுகிறோம். கவலையில் இருப்பவருக்கும் மற்ற நோய்கள் வரும்.

அல்சரின் கதையே இதற்குச் சாட்சி. மன அழுத்தமும் காரமும்தான் வயிற்றுப்புண்ணுக்குக் காரணம் என்று மருத்துவ உலகமே வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தது. ஆஸ்திரேலியாவின் ராபின் வாரனும் பேரி மார்ஷலும் 1982-ல் அதன் பின்னால் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா இருப்பதைக் கண்டார்கள். யாரும் நம்பவில்லை. 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இன்று அந்தக் கிருமி இருப்பது தெரிந்தால் குறுகிய கால மருந்துகளிலேயே பெரும்பாலும் குணமாகிவிடுகிறது. வயிற்றுப்புண்ணுக்கு இன்னொரு பெரிய காரணம், தலைவலிக்கும் முதுகுவலிக்கும் நாமாக வாங்கிப் போட்டுக்கொள்ளும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள். நோயாளியைத் தூக்கி உட்கார வைத்து இடுப்பு பிடித்துக்கொண்டவர்கள் இவற்றை வெறும் வயிற்றில் போடுவது வாடிக்கை.

கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடக் கூடாது: மலத்தில் ரத்தம், தார்போல் கறுத்த மலம், முயற்சி செய்யாமலே எடை குறைதல், விழுங்கும்போது அடைப்பு, நிற்காத வாந்தி, ரத்தசோகை, காய்ச்சலோடு வயிற்றுவலி, தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் வலி அல்லது வயிற்றுப்போக்கு, 45 வயதைத் தாண்டிய பிறகு மலம் கழிக்கும் பழக்கம் மாறி அப்படியே நீடித்தல்.

இன்னொன்றைத் தனியாகச் சொல்கிறேன். மேல்வயிற்றில் அழுத்தம், நெஞ்சு கனம், வியர்வை, மூச்சுத் திணறல், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி இருந்தால் அதை 'கேஸ்' என்று முடிவுகட்ட வேண்டாம். மாரடைப்பு அப்படியும் வரும், குறிப்பாகப் பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும். உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள். நோயாளியைத் தனியே விட்டுப் போக முடியாதே என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். ஒரு நண்பரை நடு ராத்திரியில் எழுப்பலாம் என்றால் அது இந்த நேரத்தில்தான்.

அம்மாவுக்குக் குடல் புற்றுநோய். எனக்கும் அதே இடத்தில் வலிப்பதுபோல் இருக்கிறது. எனக்கும் வந்துவிட்டதா?

இப்படித் தோன்றாதவர்கள் குறைவு. காலையில் ஸ்கேன் அறிக்கையில் படித்த வார்த்தையைச் சாயங்காலம் நம் உடம்பில் தேடுவது மனதின் சுபாவம். கவனம் போகிற இடத்தில் வழக்கமாகத் தெரியாத அசைவுகூடப் பெரிதாகத் தெரியும்.

ஆனால் 'சும்மா பயப்படாதே' என்று தட்டிக்கழிக்கிற கேள்வியும் இல்லை இது. பெற்றோர், உடன்பிறந்தவர், பிள்ளை ஆகியோரில் ஒருவருக்குப் பெருங்குடல் புற்றுநோய் இருந்தால் நமக்கு அபாயம் சராசரியைவிடக் கூடுதல். அப்படிப்பட்டவர்கள் 40 வயதில், அல்லது அந்த உறவினருக்கு நோய் கண்டறியப்பட்ட வயதுக்கு 10 ஆண்டு முன்பே, இவற்றில் எது முந்தி வருகிறதோ அப்போது கொலோனோஸ்கோபி (ஆசனவாய் வழியாகக் கேமரா குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை) செய்துகொள்ளச் சொல்கின்றன பல வழிகாட்டுதல்கள். அம்மாவுக்கு 46 வயதில் கண்டறிந்தார்கள் என்றால் உங்களுக்கு 36. புற்றுநோயாக மாறக்கூடிய சிறு கட்டிகளை அந்தப் பரிசோதனையின்போதே எடுத்துவிட முடியும் என்பது பெரிய நன்மை. இரைப்பைப் புற்றுநோய் என்றால் உங்களுக்கு ஹெலிகோபாக்டர் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள்.

அம்மாவின் மருத்துவரிடமே ஒருமுறை, 'நாங்கள் பிள்ளைகள் என்ன பரிசோதனை செய்துகொள்ள வேண்டும், எந்த வயதில்?' என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தேதி போட்ட ஒரு திட்டம் கையில் இருந்தால், ராத்திரி 2 மணிக்குப் போனை எடுத்து நோய் அறிகுறிகளைத் தேடும் பழக்கம் பாதியாகக் குறையும். மீதிப் பாதிக்கு ஒரு வழி உண்டு. தேட வேண்டும் என்று தோன்றும் கேள்வியை நண்பருக்கு அனுப்பிவிடுங்கள். அவர் காலையில் அதைப் பார்க்கட்டும். விடிந்ததும் பாதிக் கேள்விகள் உங்களுக்கே அவசியமற்றதாகத் தெரியும்.

எண்டோஸ்கோபி, ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் 'நார்மல்'. ஆனால் வலி போகவில்லையே?

'நார்மல்' என்றால் புண், கட்டி, அழற்சி இல்லை என்று அர்த்தம். வலி இல்லை என்று அர்த்தமாகாது. குடலின் அமைப்பு நன்றாக இருந்து, அதன் அசைவும் உணர்திறனும் கெட்டிருக்கும் நிலைகள் உண்டு. பெருங்குடல் சம்பந்தப்பட்டதை ஐபிஎஸ் என்கிறார்கள், அதாவது எரிச்சல் கொண்ட குடல் நோய்க்குறி. மேல்வயிற்றில் என்றால் செயல்பாட்டுச் செரிமானக் கோளாறு.

ஐபிஎஸ் என்பதை ஏனோதானோ என்று சொல்வதில்லை. இத்தகைய குடல் கோளாறுகளைக் கண்டறிய நிபுணர்கள் 2016-ல் வகுத்த நான்காம் ரோம் அளவுகோலின்படி, கடந்த 3 மாதங்களாக வாரத்துக்கு ஒரு நாளாவது வயிற்றுவலி இருக்க வேண்டும். மலம் கழிப்பதோடு தொடர்பு, எத்தனை தடவை என்பதில் மாற்றம், மலத்தின் தன்மையில் மாற்றம் ஆகிய மூன்றில் இரண்டு சேர்ந்திருக்க வேண்டும். தொல்லை ஆரம்பித்து 6 மாதமாவது ஆகியிருக்க வேண்டும்.

இதற்குச் சிகிச்சை இருக்கிறது. கரையும் நார்ச்சத்தான இசப்கோல், கொஞ்சமாக ஆரம்பித்து நிறையத் தண்ணீரோடு. வலிக்குக் குடல் தசையைத் தளர்த்தும் மாத்திரைகள். குறைந்த அளவு அமிட்ரிப்டிலின்கூடத் தருவார்கள். இது மனச்சோர்வு மருந்தாயிற்றே என்று கோபித்துக்கொண்டு சீட்டைக் கிழித்துப் போட வேண்டாம். 10 முதல் 30 மில்லிகிராம் வரையிலான சிறிய அளவில் அது குடலின் வலி உணர்வைத் தணிக்கிறது. 2023-ல் பிரிட்டனில் 463 பேரை வைத்து நடந்த சோதனையில், ஆறு மாத முடிவில் அது மருந்தே இல்லாத போலி மாத்திரையைவிட நன்றாகவே வேலை செய்தது. அறிவாற்றல் நடத்தை சிகிச்சை, குடலை மையமாக வைத்த ஹிப்னோதெரபி ஆகியவற்றுக்கும் நல்ல ஆதாரம் இருக்கிறது.

ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் உருவான குறைந்த ஃபாட்மேப் உணவுமுறை, அதாவது குடலில் எளிதில் புளித்து வாயு உண்டாக்கும் சில சர்க்கரை வகைகளைக் குறைக்கும் முறை, பலருக்கு உதவும். ஆனால் உணவுகளை ஒதுக்கும் கட்டம் 2 முதல் 6 வாரம் மட்டுமே. பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்க்க வேண்டும். உணவியல் நிபுணர் துணையில்லாமல், அதிலும் வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டு இதில் இறங்குவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஏற்கெனவே சரியாகச் சாப்பிடாதவர் இன்னும் பத்து உணவை ஒதுக்கினால் எலும்பும் தோலுமாகத்தான் நிற்பார்.

ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைகிறேன். நேரத்துக்குச் சாப்பிடவே முடியவில்லை. குறைந்தபட்சம் எதைக் கடைப்பிடிப்பது?

ஒரு வேளையையாவது நேரம் தவறாமல் வைத்துக்கொள்ளுங்கள். அது காலை வேளையாக இருந்தால் உத்தமம். காலையில் வயிற்றுக்குள் ஏதாவது போனதும் பெருங்குடல் இயற்கையாகவே அசையத் தொடங்கும். அந்த அழைப்பை 'டாக்டர் ரவுண்ட்ஸ் வந்துவிடுவார்' என்று அடக்கி அடக்கித்தான் பலருக்கு மலச்சிக்கல் பிடிக்கிறது. அந்தப் பத்து நிமிடம் வார்டில் உட்கார ஒரு ஆள் இருந்தால் போதும்.

இரவு ஒரேயடியாக வயிறு முட்டச் சாப்பிட்டுப் படுப்பது நெஞ்செரிச்சலுக்கு நேர்வழி. சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையில் 2, 3 மணி நேரம் இருக்கட்டும். படுக்கையின் தலைப்பக்கத்தை 15 முதல் 20 சென்டிமீட்டர் உயர்த்துவதும், இடதுபக்கம் ஒருக்களித்துப் படுப்பதும் அமிலம் மேலேறுவதைக் குறைக்கும். காத்திருப்பில் கணக்கில்லாமல் உள்ளே போகும் காபியைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல் மாதிரி அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை தந்திருந்தால் சாப்பாட்டுக்கு அரைமணி முதல் ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். சாப்பிட்டுவிட்டு எரிந்தால் போட்டுக்கொள்வது அதற்கான முறை இல்லை. மாதக்கணக்கில் போட்டுவிட்டுத் திடீரென நிறுத்தினால் அமிலம் கொஞ்ச நாள் முன்பைவிட அதிகமாகச் சுரக்கும். எப்படிக் குறைப்பது என்று டாக்டரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

நண்பர்களிடம் வயிற்று விஷயத்தைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

முழு வர்ணனை தேவையில்லை. 'அம்மா உடம்புக்கு முடியாததிலிருந்து எனக்கும் வயிறு சரியில்லை. வெளியே வந்தால் சில சமயம் திடீரென்று எழுந்து போவேன், கண்டுக்காதே' என்றால் போதும். இவ்வளவு சொல்வதிலேயே பெரிய பலன் இருக்கிறது. பாத்ரூம் எங்கே என்று தெரியாத இடத்தில் மாட்டிக்கொள்வோமோ என்ற பயமே குடலை இன்னும் முடுக்கும். கூட இருக்கும் ஒருவருக்காவது விஷயம் தெரியும் என்றால் அந்தப் பயத்தின் பிடி தளரும்.

எல்லாருக்கும் சொல்ல வேண்டாம். யாரிடம் சொன்னால் கேலி செய்யமாட்டார், அடுத்த வீட்டுக்கும் கொண்டுபோக மாட்டார் என்று தெரியுமோ அந்த ஒருவர் போதும்.

'ஏதாவது வேணும்னா சொல்லு' என்று எல்லாரும் சொல்கிறார்கள். என்ன கேட்பது என்றே தெரியவில்லை.

அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. அந்த வாக்கியம் வேலையை நம் தலையிலேயே போட்டுவிடுகிறது: என்ன தேவை என்று யோசிக்க வேண்டும், யாரால் முடியும் என்று பார்க்க வேண்டும், கேட்கும் சங்கடத்தையும் சுமக்க வேண்டும். ஏற்கெனவே ஓய்ந்துபோனவர் 'ஒண்ணும் வேணாம்டா, பார்த்துக்கறேன்' என்றுதான் சொல்வார்.

ஆகவே தேவையை வேலையாக மாற்றிக் கேளுங்கள். என்ன வேலை, எந்த நாள், எவ்வளவு நேரம். உதாரணமாக:

'டேய், வியாழக்கிழமை காலைல அப்பாவுக்கு ஸ்கேன். எட்டரைலேர்ந்து பத்து வரைக்கும் நீ அவர்கூட உட்கார முடியுமா? நான் போய்ச் சாப்பிட்டு, குளிச்சிட்டு வந்துடறேன். முடியலைன்னா பரவாயில்லை, வேற ஆள் கேக்கறேன்.'

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். மறுக்க இடம் கொடுத்தால் அடுத்த தடவையும் தயங்காமல் கேட்கலாம்.

ஆளுக்கு ஏற்ற வேலை கொடுங்கள். கேட்டுக் கேட்டு விவரம் வாங்கும் சாமர்த்தியம் உள்ளவரை டாக்டரைப் பார்க்கப் போகும்போது அழைத்துப் போங்கள். நாம் பதற்றத்தில் பாதியைத்தான் காதில் வாங்குவோம், அவர் குறித்துக்கொள்வார். கணக்கில் புலியாக இருப்பவர் காப்பீட்டுப் படிவங்களைப் பார்க்கட்டும். நோயைக் கண்டால் மிரள்கிறவர் ஒருவர் இருப்பார். அவரை வார்டுக்குள் இழுக்காதீர்கள். மருந்து வாங்கி வர, பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டி வர அவர் சரியான ஆள். வெறுமனே சிரிக்க வைக்கிறவர் ஒருவர் இருந்தால் அவரிடம் வேலையே சொல்ல வேண்டாம்.

தகவல் சொல்லும் வேலையைக் கட்டாயம் ஒருவரிடம் ஒப்படைத்துவிடுங்கள் என்பது என் அபிப்பிராயம். 'இப்ப எப்படி இருக்காங்க?' என்று நாளுக்கு இருபது பேர் கேட்டால் இருபது தடவையும் அந்தக் கதையை நாம் மறுபடி அனுபவிக்கிறோம். சாப்பிட உட்காரும்போது மணி அடிக்கும், பேசி முடித்தால் பசி போயிருக்கும். ஒரு நண்பரிடம் தினமும் சாயங்காலம் நாலு வரி அனுப்புங்கள், மற்றவர்களுக்கு அவர் சொல்லிக்கொள்ளட்டும்.

நண்பர் பேசினால் வயிறு குணமாகுமா? கேட்க நன்றாக இருக்கிறது, ஆதாரம் உண்டா?

நண்பர் பேசினால் புண் ஆறாது, கிருமி சாகாது. ஆனால் ஐபிஎஸ் போன்ற நிலைகளில் பரிவோடு கேட்கப்படுவது அறிகுறிகளையே குறைக்கும் என்பதற்கு ஒரு நல்ல சோதனை உண்டு. 2008-ல் டெட் கேப்ச்சுக் என்ற ஹார்வர்டு ஆய்வாளரின் குழு, 262 ஐபிஎஸ் நோயாளிகளை மூன்று பிரிவாகப் பிரித்தது. ஒரு பிரிவு வெறுமனே காத்திருந்தது. இரண்டாவது பிரிவுக்குப் பேச்சு அதிகமில்லாமல் போலி அக்குபஞ்சர் செய்தார்கள். மூன்றாவது பிரிவுக்கும் அதே போலி அக்குபஞ்சர்தான், ஆனால் தொடக்கத்தில் சிகிச்சை அளிப்பவர் 45 நிமிடம் உட்கார்ந்து அக்கறையோடு கேட்டுப் பேசினார். மூன்று வாரத்தில் போதுமான நிவாரணம் கிடைத்ததாகச் சொன்னவர்கள் முறையே 28, 44, 62 சதவீதம்.

அங்கே கேட்டவர் சிகிச்சையாளர், நண்பர் இல்லை. அந்த வேறுபாட்டை மறைக்கக் கூடாது. இருந்தாலும் ஊசி மூன்றாவது பிரிவுக்கும் போலிதான், கூடுதலாகக் கிடைத்தது ஒரு மனிதரின் முழுக் கவனம் மட்டுமே. நாற்பது நிமிடம் போனைத் தொடாமல் உட்கார்ந்து கேட்கும் நண்பரைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனம் வரவில்லை.

நண்பர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள். எப்படி நிறுத்துவது?

'அனுப்பினதுக்கு நன்றி, டாக்டர்கிட்ட கேட்டுட்டுப் பார்க்கறேன்.' இதையே எல்லாருக்கும் அனுப்புங்கள், விவாதத்தில் இறங்காதீர்கள். 'இயற்கையானதுதானே' என்று வரும் சூரணங்களும் கஷாயங்களும் நோயாளியின் மருந்தோடு மோதலாம். டாக்டருக்குத் தெரியாமல் கொடுக்கவே கூடாது. உங்கள் மலச்சிக்கலுக்கு யாரோ தரும் பேதி மருந்துக்கும் இதே விதிதான்.

நோயாளியின் விஷயத்தை என் நண்பரிடம் சொல்வது அவருக்குத் துரோகமாகாதா?

நோய் அவருடையது, களைப்பு உங்களுடையது. உங்களுடையதைச் சொல்ல யாருடைய அனுமதியும் வேண்டாம். நோயின் பெயர், எந்தக் கட்டம், ரிப்போர்ட் படங்கள் இவற்றைச் சொல்வதற்கு முன் அவரைக் கேட்டுவிடுங்கள். 'என் நண்பன் ஒருத்தனிடம் மட்டும் பேசிக்கொள்கிறேன், சரியா?' என்றால் பெரும்பாலானவர்கள் சரி என்றே சொல்வார்கள். சிலருக்கு நிம்மதியும்கூட, தன்னால் பிள்ளை தனியாகக் கிடந்து தவிக்கவில்லை என்று.

நான்தான் அந்த நண்பர். எதைச் செய்யலாம், எதைச் சொல்லாமல் இருக்கலாம்?

செய்வதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். 'சனிக்கிழமை சாயங்காலம் நான் வந்து அம்மாகூட இருக்கேன், நீ தூங்கு. வரட்டுமா?' என்றால் அவர் 'சரி' என்று ஒரு சொல் சொன்னால் போதும். சாப்பாடு கொண்டுபோவதாக இருந்தால் அவர் வயிறு இப்போது எதைத் தாங்குகிறது, நோயாளிக்கு எது கூடாது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கொண்டுபோன பிறகு 'ஏன் சாப்பிடலை, நல்லா இல்லையா?' என்று நெருக்காதீர்கள்.

'எல்லாம் டென்ஷன்தான், விடு' என்று சொல்லாதீர்கள். அவர் வலியை நீங்கள் நம்பவில்லை என்றுதான் அது அவர் காதில் விழும். 'எங்க சித்தப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சது' என்று தொடங்கி இறப்பில் முடியும் கதைகளையும் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கே அழுகை வந்தால் அதை அவரைவிடத் தள்ளி இருக்கும் ஒருவரிடம் போய்க் கொட்டுங்கள். நோயாளிக்கு அருகில் இருப்பவர் உங்களையும் சேர்த்துத் தேற்றும்படி ஆகக் கூடாது.

அவர் மெலிந்துவிட்டார், வலி மாத்திரையை மிட்டாய் மாதிரிப் போடுகிறார், கறுப்பாகப் போகிறது என்று பேச்சுவாக்கில் சொன்னார் என்றால் மட்டும் நாசூக்கு பார்க்காதீர்கள். டாக்டரிடம் நேரம் வாங்கி, கையோடு அழைத்துப் போங்கள்.

எனக்கு இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு. வீட்டில் கீமோதெரபி எடுப்பவர் இருக்கிறார். நான் அவருக்குச் சமைக்கலாமா?

கூடாது. உங்களுக்குத் தொற்று என்றால் அவருக்கு அது உயிர் ஆபத்தாக முடியலாம். கடைசியாக வாந்தியோ பேதியோ நின்று 48 மணி நேரம் ஆகும் வரை அவருக்குச் சமைப்பது, ஊட்டுவது, உடம்பு துடைப்பது எதுவும் வேண்டாம். முடிந்தால் தனிக் கழிப்பறை. கையைச் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள். நோரோவைரஸ் போன்றவற்றிடம் ஆல்கஹால் ஜெல் சரியாகப் பலிக்காது. அவருக்குக் காய்ச்சல் வந்தால் காலை வரை காத்திருக்காமல் சிகிச்சைக் குழுவை அழையுங்கள்.

உங்களுக்கு ஓஆர்எஸ் கரைசல், ஓய்வு. சிறுநீர் நன்றாகக் குறைந்தாலோ, எழுந்தால் தலை சுற்றினாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ டாக்டர். அந்த இரண்டு, மூன்று நாளைக்குப் பொறுப்பேற்க ஒரு நண்பரை இப்போதே, நீங்கள் நன்றாக இருக்கும்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். சாவி எங்கே, மாத்திரை எந்த வேளைக்கு எது, டாக்டர் எண் என்ன என்று ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுத்துவிடலாம்.

மாதங்கள் ஓடுகின்றன, நண்பர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போகிறார்கள்.

முதல் வாரத்தில் கூட்டம் வரும், மூன்றாம் மாதத்தில் யாரும் வரமாட்டார்கள். வலிக்கும், ஆனால் பெரும்பாலும் அதில் வன்மம் இல்லை. நிலைமை பழகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஒரு பெரிய உதவிக்குப் பதில் சின்னதாக, தொடர்ந்து வருவதைக் கேளுங்கள்: வாரம் ஒரு நாள் அரைமணி சேர்ந்து நடப்பது. நடப்பது குடலுக்கும் நல்லது, உப்புசத்துக்கும் மலச்சிக்கலுக்கும் கை கண்ட உபாயம். நடையின்போது நோயைப் பற்றிப் பேசித்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை.

நண்பர் என்று சொல்ல யாருமே இல்லை என்றால், பக்கத்துப் படுக்கை நோயாளியின் வீட்டாரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். எந்த மெஷின் எப்போது காலியாகும், எந்த நர்ஸிடம் கேட்டால் பதில் வரும் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். பல மருத்துவமனைகளில் மருத்துவ சமூகப் பணியாளரும் இருப்பார்.

எப்போது இதை மனநல மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்?

இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தாலோ, தூக்கமும் பசியும் போய்விட்டாலோ, பதற்றத்தில் அன்றாட வேலையே ஓடவில்லை என்றாலோ, தூங்குவதற்குக் குடி தேவைப்பட்டாலோ போய்விடுங்கள். செத்துப்போனால் தேவலை என்ற நினைப்பு வந்தால் அன்றைக்கே அவசர உதவியை நாடுங்கள், அதுவரை தனியாக இருக்காதீர்கள். குடல் டாக்டரும் மனநல டாக்டரும் ஒரே சமயத்தில் பார்ப்பதில் ஒரு முரண்பாடும் இல்லை.

டாக்டரிடம் போகும்போது எதைக் கொண்டுபோவது?

இரண்டு வாரத்துக் குறிப்பு போதும்: எப்போது சாப்பிட்டீர்கள், எப்போது வலித்தது, எத்தனை தடவை போயிற்று, அன்று வீட்டில் என்ன நடந்தது. மலத்தின் தன்மையை வாயால் வர்ணிக்கச் சங்கடமாக இருந்தால் மலத்தை ஏழு வகையாகப் பிரித்து எண் கொடுக்கும், 1997-ல் வெளிவந்த பிரிஸ்டல் அட்டவணையின் எண்ணைச் சொல்லலாம். அதில் 1 என்றால் கட்டி கட்டியாக, 7 என்றால் முழுக்கத் தண்ணீராக, 3-ம் 4-ம் சரியான நிலை. 'காலையில் 6, மத்தியானம் 7' என்றால் டாக்டருக்குப் புரிந்துவிடும். சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், வலி மாத்திரை, சூரணம் உட்பட, ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள். குடும்பத்தில் யாருக்கு என்ன நோய், எந்த வயதில் என்பதும் தேவைப்படும்.

எனக்குக் கொலோனோஸ்கோபி செய்ய வேண்டுமாம், கூட ஒருவர் வர வேண்டுமாம். வீட்டில் யாரையும் கேட்கிற நிலைமை இல்லை.

நண்பரைக் கேளுங்கள். மயக்க மருந்து கொடுப்பதால் அன்று வண்டி ஓட்டக் கூடாது, முக்கியமான காகிதங்களில் கையெழுத்துப் போடுவதையும் 24 மணி நேரம் தள்ளிப்போடச் சொல்வார்கள். துணைக்கு ஆள் இல்லாவிட்டால் பரிசோதனையையே ஒத்திவைக்கும் இடங்கள் உண்டு.

கஷ்டமான பகுதி முந்தின நாள்தான். குடலைச் சுத்தம் செய்யும் மருந்தைக் குடித்துவிட்டு மணிக்கணக்கில் கழிப்பறைக்கு நடக்க வேண்டியிருக்கும். அந்த இரவு நோயாளியைப் பார்த்துக்கொள்ள இன்னொருவர் வேண்டும், உங்களால் முடியாது. சர்க்கரை மாத்திரை, ரத்தம் உறையாமலிருக்க மருந்து, இரும்புச்சத்து மாத்திரை எடுப்பவராக இருந்தால் எதை எப்போது நிறுத்துவது என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். முடிந்ததும் டாக்டர் சொல்வது உங்கள் மயக்கத்தில் பாதி நினைவில் நிற்காது. அதனால் வரும் நண்பரிடம் இந்த மூன்றை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்: என்ன பார்த்தார்கள், திசு எடுத்தார்களா, ரிப்போர்ட்டுக்கு என்றைக்கு வர வேண்டும்.

பிறகு கடும் வயிற்றுவலி, காய்ச்சல், நிற்காத ரத்தப்போக்கு ஏதாவது வந்தால் அழைக்க வேண்டிய எண்ணையும் அவர் போனிலேயே பதிந்து வைத்துக்கொள்ளட்டும்.